பாதி டேங்கி

போன பள்ளி விடுமுறைக்குக் கரங்கான் போயிருந்தேன். அக்கா வீட்டு முன்னறை மேசை முழுவதையும் அக்கா மகன் பிடித்துக்கொண்டிருந்தான். பழைய கணினி ஒன்று, இணையத்தில் மலிவாக வாங்கிய ஜாய்ஸ்டிக் ஒன்று, பக்கத்தில் ஆறிப்போன மைலோ. ஜன்னலுக்கு வெளியே செம்பனைத் தோட்டம். திரைக்குள்ளே கருங்கடல் ஓரம், ஜார்ஜியா நாட்டு மலைகள். டிசிஎஸ் என்று பையன்கள் சுருக்கிச் சொல்லும் போர் விமானச் சிமுலேட்டர் அது. அவன் ஓட்டியது எஃப்/ஏ-18 ஹார்னெட். பட்டர்வொர்த் தளத்தில் 1997 முதல் நம் ஆகாயப் படை வைத்திருக்கும் எட்டு விமானங்களும் அதே இனம்தான். அவை இரண்டு இருக்கை உள்ள டி ரகம், இவன் ஓட்டியது ஒற்றை இருக்கை சி ரகம்.

நான் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் நாலு முறை செத்தான். எதிரி ஒரு மிக்-29. சண்டை தொடங்கி இரண்டு மூன்று வட்டம் சுற்றுவதற்குள் அது இவன் வாலைப் பிடித்துவிடும். இவன் ஜாய்ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுப்பான். விமானம் மூக்கைத் தூக்கும், வேகம் செத்துவிடும், பிறகு நடுவானில் தொங்கும் பழம்தான்.

ஐந்தாவது முறை கிளம்புவதற்கு முன் ஆயுதம், எரிபொருள் எல்லாம் தேர்வு செய்யும் பக்கம் வந்தது. எரிபொருள் கோடு வலது ஓரம் வரை இழுத்து 100 சதவீதத்தில் நின்றது.

“ஏன்டா முழு டேங்கி?”

“ஃபுல்லா இருந்தாத்தான மாமா நல்லது? நீங்க எண்ணெய் நிலையத்துல ஃபுல்லாத்தான அடிப்பீங்க?”

கேள்வி சரிதான். காருக்கு அது செல்லும். ஒரு மைவி காரின் எடை ஏறக்குறைய ஒரு டன். டேங்கி முட்ட நிரப்பினாலும் முப்பது கிலோவைச் சுற்றித்தான் கூடும். நூற்றில் மூன்று பங்கு. ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஹார்னெட் சி ரகத்தின் கணக்கு வேறு. விமானி, இரண்டு மூன்று ஏவுகணை, அவற்றைத் தொங்கவிடும் கொக்கிகள் எல்லாம் சேர்த்து 11,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உள் டேங்கிகளில் முழுக்க நிரப்பினால் சுமார் 4,900 கிலோ எரிபொருள். ஆகக் கூடி 16,200 கிலோ. ஓடுபாதையில் நிற்கும் விமானத்தின் மொத்த எடையில் பத்தில் மூன்று பங்கு வெறும் எண்ணெய். டேங்கியைப் பாதியாக்கினால் எடை 13,750 கிலோவாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் இரண்டு மைவி காரையும் தாண்டும்.

இரண்டு மைவியைச் சுமந்துகொண்டு ஒருவன் மல்யுத்தம் செய்கிறான்; எதிராளி சுமக்கவில்லை. நாலு முறை செத்ததில் ஆச்சரியம் இல்லை.

எடை எங்கே கடிக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நேராகப் பறக்கும்போது இறக்கைகள் விமானத்தின் எடையைத் தாங்கினால் போதும். வளைந்து திரும்பும்போது அந்த வளைவுக்கான இழுவிசையையும் இறக்கைதான் கொடுக்க வேண்டும். விமானி 5 ஜி திருப்பம் போடுகிறான் என்றால் இறக்கை ஐந்து மடங்கு எடையைத் தாங்குகிறது. முழு டேங்கி ஹார்னெட்டில் அது 81 டன். பாதி டேங்கியில் 69 டன்னுக்குப் பக்கம். இறக்கை அதே இறக்கைதான். அதன் பரப்பளவு எண்ணெய் அளவைப் பார்த்துக் கூடுவதில்லை. அதே வேகத்தில் கூடுதலாகத் தூக்க வழி, காற்றை இன்னும் செங்குத்தான கோணத்தில் சந்திப்பது. அப்படி மூக்கைத் தூக்கினால் காற்றும் சும்மா விடுமா? பின்னால் பிடித்து இழுக்கும்.

இந்தப் பின்னிழுப்பு இருக்கிறதே, அதுதான் பலரும் கணக்கில் எடுக்காத எமன். தூக்குவிசை இரண்டு மடங்கானால் அதனால் பிறக்கும் இழுவை நாலு மடங்காகும், வர்க்கக் கணக்கு. மேலே சொன்ன 81-க்கும் 69-க்கும் இடையில் எடை 18 சதவீதம்தான் கூடியது. ஆனால் அதே வேகத்தில் அதே திருப்பத்தைப் போட, அந்த வகை இழுவை 39 சதவீதம் கூடிவிடுகிறது. அதை ஈடுகட்ட வேண்டியது எஞ்சின். இரண்டு எஞ்சின்களும் ஆப்டர்பர்னரில், அதாவது வெளியேறும் வாயுவிலும் எண்ணெயை ஊற்றி எரித்து, முழு மூச்சாகத் தள்ளினால் ஏறக்குறைய 16,000 கிலோ தள்ளுவிசை வரும். பாதி டேங்கியில் இது விமானத்தின் எடையைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதல். மூக்கை வானத்துக்கு நேராக நிமிர்த்தினாலும் ஏறிக்கொண்டே போகும். முழு டேங்கியில் எடைக்கும் தள்ளுவிசைக்கும் ஏறத்தாழச் சமம். மிச்சம் என்று கையில் ஒன்றும் நிற்காது.

அமெரிக்க விமானி ஜான் பாய்டும் கணித நிபுணர் தாமஸ் கிறிஸ்டியும் 1960-களில் சொன்னது இந்த மிச்சத்தைப் பற்றித்தான். வான்சண்டையை அவர்கள் வரவு செலவுக் கணக்காகப் பார்த்தார்கள். தள்ளுவிசையிலிருந்து இழுவையைக் கழி, வருவதை வேகத்தால் பெருக்கு, எடையால் வகு. கிடைக்கும் எண் கூட்டலாக வந்தால் விமானம் ஏறலாம், வேகம் கூட்டலாம். அது கழித்தலாக வந்தால் உயரத்தையோ வேகத்தையோ விற்றுத்தான் திரும்ப முடியும். எண்ணெய் இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் கை வைக்கிறது. வகுக்கும் எடையாகவும் வருகிறது, கழிக்கும் இழுவையையும் பெரிதாக்குகிறது. அக்கா மகன் ஜாய்ஸ்டிக்கை இழுக்கும்போதெல்லாம் கையிருப்பை விற்றுக்கொண்டிருந்தான். மூன்றாவது வட்டத்தில் விற்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஹார்னெட்டில் இன்னொன்றும் உண்டு. அதன் கட்டுப்பாட்டுக் கணினி விமானத்தின் எடையைத் தானே கணக்குப் பார்க்கும். எடை சுமார் 14.7 டன்னுக்குள் இருந்தால் 7.5 ஜி வரை இழுக்கவிடும். அதைத் தாண்டினால் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடும், இறக்கை பிய்ந்து போகக்கூடாதே என்று. முழு டேங்கியில் அந்த எல்லை ஏழுக்குக் கீழே வந்துவிடுகிறது. நல்ல சிமுலேட்டர் இதையும் அப்படியே செய்கிறது. பையன் எவ்வளவு மூர்க்கமாக இழுத்தாலும் விமானம் ‘போதும் தம்பி’ என்று நிறுத்திவிடும்.

எடை எவ்வளவு என்பது பாதிக் கதை. எங்கே இருக்கிறது என்பது மீதிக் கதை. இதை எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. அப்பா தோளில் கிடந்த காண்டாக் கம்பு சொல்லித் தந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தப் பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டம். பால் சேர்த்து முடித்ததும் கம்பின் இரண்டு முனையிலும் வாளி மாட்டி, நடுவில் தோள் கொடுத்து, அப்பா பால் கொட்டகைக்கு நடப்பார். நேர்ப் பாதையில் ஒரு தாளத்தோடு போவார். பாதை திரும்பும் இடம் வந்தால்தான் வேடிக்கை. உடம்பு திரும்பிவிடும், வாளிகள் திரும்பாது. கொஞ்சம் தாமதித்து, பிறகு பெரிய மனசு பண்ணித் திரும்பும். திரும்ப ஆரம்பித்தால் லேசில் நிற்காது. அவர் நின்ற பிறகும் அவை சுற்றப் பார்க்கும். வாளிகளைக் கம்பின் நடுவுக்கு நகர்த்தி மாட்டினால் அதே பால், அதே எடை, ஆனால் சட்டென்று திரும்பலாம். சுழலும் அச்சிலிருந்து எடை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பச் சோம்பல் கூடும். தூரம் இரட்டித்தால் சோம்பல் நாலு மடங்கு.

விமானத்துக்கு இறக்கைதான் காண்டாக் கம்பு. இறக்கைக்குள்ளும் இறக்கைக்குக் கீழே தொங்கும் டேங்கியிலும் எண்ணெய் இருந்தால் விமானம் உருளத் தொடங்கத் தாமதிக்கும், உருண்டது நிற்கவும் தாமதிக்கும். இடது பக்கம் சாய்த்துவிட்டுச் சட்டென்று வலது பக்கம் வெட்டி எதிரியை ஏமாற்றுவது பழைய வித்தை. இறக்கை நிறைய எண்ணெய் இருந்தால் அந்த வித்தை எதிரிக்கு முன்கூட்டியே தந்தி அடித்துவிடும். எண்ணெயெல்லாம் உடலின் நடுவில் இருந்தால் அதே எடைக்கு இந்தத் தொல்லை குறைவு. போர் விமானங்களில் பெரும்பாலும் வெளியே தொங்கும் டேங்கிகளைச் சண்டைக்கு முன் கழற்றிப் போட வழி வைத்திருப்பது இதனாலும்தான். எடை ஒன்று, காற்றில் அவை ஏற்படுத்தும் இழுவை இன்னொன்று, இந்தச் சோம்பல் மூன்றாவது.

பக்கவாட்டில் இருக்கும் எண்ணெய் சோம்பலைத்தான் கொடுக்கும். பின்னால் இருக்கும் எண்ணெய் ஆளையே கொல்லும். இரண்டாம் உலகப்போரின் பி-51டி மஸ்டாங் விமானத்தில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 92 காலன் டேங்கிகள். அது போதாமல், ஜெர்மனி வரை போய்த் திரும்ப வேண்டும் என்று விமானி இருக்கைக்குப் பின்னால் 85 காலன் டேங்கி ஒன்றைச் சொருகினார்கள். நிறைந்திருந்தால் 230 கிலோ, முதுகுக்குப் பின்னால். கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்கேரியரில் இரண்டு மூட்டை அரிசியைக் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது புரியும். முன்சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் ஓடும்; கைப்பிடியை லேசாக அசைத்தால் வண்டி அசைத்ததைவிட அதிகமாகப் போகும்.

விமானத்தில் ஈர்ப்பு மையம் இறக்கையின் தூக்கு மையத்துக்கு முன்னால் இருக்கும்வரை அது நல்ல பிள்ளை. மூக்கு மேலே போனால் தானாக இறங்கப் பார்க்கும். எடை பின்னால் நகர நகர இந்த நல்ல குணம் கரைந்துபோகும். பின் டேங்கி நிறைந்த மஸ்டாங்கில் இறுக்கமாகத் திரும்பினால், விமானி இழுப்பதற்குப் பதிலாகத் தள்ள வேண்டிய நிலை வரும். இல்லாவிட்டால் திருப்பம் தானாகவே இறுகி விமானம் புரண்டுவிடும். அதனால் கிளம்பியதும் பின் டேங்கியைத்தான் முதலில் குடிக்க வேண்டும் என்று விமானிகளுக்குப் பாடம். டிசிஎஸ்ஸில் மஸ்டாங் வாங்கியவர்கள் இந்தப் பாடத்தைச் செத்துச் செத்துப் படிக்கிறார்கள். நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு போய், எதிரி சுடாமலே சுழன்று விழுந்து, விமானத்தைச் செய்தவன் சரியில்லை என்று திட்டுவார்கள். செய்தவன் சரியாகத்தான் செய்திருக்கிறான்.

சிமுலேட்டர் இதை எப்படிச் செய்கிறது என்றால், ஒரு நொடியைப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கணக்கைப் புதிதாகப் போடுகிறது. எந்த டேங்கியில் இப்போது எவ்வளவு மிச்சம், ஆகவே மொத்த எடை எவ்வளவு, ஈர்ப்பு மையம் எங்கே நகர்ந்தது, மூன்று அச்சுகளிலும் சோம்பல் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது. பழைய விளையாட்டுகள் பலவற்றில் எண்ணெய் என்பது ஒரே ஒரு எண். விமானத்தின் நடுவில் வைத்த ஒரு கல் மாதிரி. இன்றும் பல சிமுலேட்டர்களில் கணினி தானே ஓட்டும் எதிரிக்கு எளிமைப்படுத்திய கணக்குதான் போடுகிறார்கள். அது எடை தெரியாத மாதிரி திரும்பினால் நம் கண்ணில் கோளாறு இல்லை. வார் தண்டர் மாதிரி விளையாட்டில் கிலோவும் சதவீதமும் காட்டாமல் இத்தனை நிமிடத்துக்கு எண்ணெய் என்று கேட்கிறார்கள். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது. எண்ணெயை வாங்கும்போது நாம் உண்மையில் வாங்குவது நேரத்தைத்தானே.

முழு டேங்கி சண்டைக்கு ஆகாது என்பதை ரஷ்ய வடிவமைப்பாளர்கள் விமானத்தின் கையேட்டிலேயே ஒப்புக்கொண்டார்கள். சு-27 விமானத்தின் வயிறு பெரிது. உள்ளேயே 9,400 கிலோ எண்ணெய் கொள்ளும். ஆனால் சண்டைக்கான வழக்கமான அளவு என்று அவர்கள் வைத்தது சுமார் 5,270 கிலோதான். மிச்சம் என்பது உள்ளே ஒளித்து வைத்த கழற்ற முடியாத வெளி டேங்கி மாதிரி. தூரம் போக வேண்டுமானால் நிரப்பு. நிரப்பினால் குட்டிக்கரணம் போடாதே. கிளந்தான்-திரங்கானு எல்லையில் கோங் கெடாக் தளத்தில் இருக்கும் நம் சு-30எம்கேஎம் விமானங்களும், தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் இந்திய விமானப்படை நிறுத்திய சு-30எம்கேஐ அணியும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். மிக்-29 இதற்கு நேர் எதிர். மலேசியா 1995-இல் பதினெட்டை வாங்கிக் குவாந்தானில் வைத்திருந்தது. உள்ளே 3,400 கிலோவைச் சுற்றித்தான் எண்ணெய். எழும்பி, அடித்து, இறங்குவதற்கென்று பிறந்த விமானம். சிமுலேட்டரில் அது ஆரம்பம் முதலே துள்ளுவதற்கு ஒரு காரணம், முழு டேங்கியிலும் அது சுமப்பது அவ்வளவுதான்.

இத்தனையும் சொன்னதும் பையன் முகத்தில் ஒரு சந்தேகம். இதெல்லாம் கணினிக்காரர்கள் கிளப்பிவிட்ட கணக்கா, நிஜத்தில் யாராவது எண்ணெயைக் குறைத்துக்கொண்டு சண்டைக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்டான். அதற்கு ஜார்ஜியாவும் ஜெர்மனியும் போக வேண்டாம். கரங்கானிலிருந்து வடக்கே கார் எடுத்தால் சுங்கைப் பட்டாணி. இன்னும் மேலே போனால் அலோர் ஸ்டார்.

1941 டிசம்பர் 8. பிரிட்டிஷ்காரர்கள் கெடாவில் வைத்திருந்த இந்த இரண்டு விமானத் தளங்களும் அன்று காலையிலேயே ஜப்பானியரிடம் குண்டு வாங்கின. சுங்கைப் பட்டாணியில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 21-ஆம் அணி ஒரு குட்டையான, பீப்பாய் உடம்பு விமானத்தை வைத்திருந்தது. பெயர் பிரூஸ்டர் பஃபலோ. எருமை என்ற பெயர் அதற்குப் பொருத்தமாக இருந்ததை யாரும் நல்ல விதமாகச் சொல்லவில்லை. அலோர் ஸ்டாரில் 62-ஆம் அணியின் பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் முதல் தாக்குதலை முடித்துத் திரும்பி, தரையில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஜப்பானியர் மேலே வந்தார்கள். எண்ணெய் நிரப்பும் நேரம்தான் போர் விமானத்தின் ஆகக் கெட்ட நேரம்; எரியக்கூடியது எல்லாம் ஒரே இடத்தில், பறக்க வேண்டியது தரையில். மறுநாள் பட்டர்வொர்த்தில் இதே கதை. அங்கே ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானி மட்டும் எழும்பியிருந்தார். மற்றவை தரையிலேயே நாசமாக, தன்னந்தனியாகத் தாய்லாந்தின் சிங்கோரா வரை போய்க் குண்டு போட்டு, உடம்பெல்லாம் காயத்தோடு அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கிவிட்டு உயிரை விட்டார். விக்டோரியா சிலுவை விருது அவருக்குப் போருக்குப் பிறகுதான் வந்தது.

பஃபலோவுக்கு எதிராக வந்தவற்றில் ஒன்று கி-43 ஹயபுசா. எண்ணெயோடு சேர்த்து இரண்டு டன்னைச் சுற்றித்தான் எடை. பஃபலோ மூன்று டன்னைத் தாண்டும். ஒரு சதுர மீட்டர் இறக்கை எத்தனை கிலோ தாங்குகிறது என்று பார்த்தால் ஹயபுசாவில் தொண்ணூறு சொச்சம், பஃபலோவில் நூற்று அறுபது வாக்கில். மேலே சொன்ன திருப்பக் கணக்கில் இந்த இரண்டு எண்களைப் போட்டால் சண்டையின் முடிவு தாளிலேயே தெரிந்துவிடும். போதாக்குறைக்குப் பஃபலோவின் எஞ்சினுக்கு உயரத்தில் எண்ணெய் அழுத்தம் போதாது. மேலே போகப் போக இருமும்.

விமானிகள் என்ன செய்தார்கள்? கத்தியை எடுத்துக்கொண்டு விமானத்தை இளைக்க வைத்தார்கள். கவசத் தகடு போனது. தடித்த முன்கண்ணாடி போனது. வானொலிக் கருவி, துப்பாக்கிக் கேமரா போயின. கனத்த அரை அங்குல இயந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு இலகுவான .303 துப்பாக்கிகளை மாட்டினார்கள். டேங்கியில் முடிந்த அளவு குறைவாக எண்ணெய் ஊற்றினார்கள். இப்படிச் சில விமானங்களில் ஆயிரம் பவுண்டு, அதாவது 450 கிலோ வரை குறைத்தார்கள். மூன்று டன் விமானத்தில் ஏழில் ஒரு பங்கு. ஹார்னெட்டின் பாதி டேங்கியும் முழு எடையில் ஏறக்குறைய அதே பங்குதான். அக்கா மகன் விரலால் ஒரு கோட்டை இடது பக்கம் இழுத்துச் செய்வதை, அவர்கள் திருப்புளியும் எண்ணெய்க் குழாயும் வைத்துக்கொண்டு மலாயா வெயிலில் செய்தார்கள்.

அதே விமானம் இலகுவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்தில் பதில் இருக்கிறது. அவர்கள் வாங்கிய 44 பிரூஸ்டர்கள் முந்தைய ரகம். பிறகு ஏற்றிய கனமெல்லாம் அவற்றில் இல்லை. மலாயா பஃபலோவைவிட நானூறு ஐந்நூறு கிலோ குறைவு. பின்லாந்தின் 24-ஆம் அணி அந்த விமானங்களில் 459 சோவியத் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னது. சண்டையில் இழந்தது 15. வான்சண்டைக் கணக்கில் எப்போதும் கொஞ்சம் வாய்வீச்சு உண்டு, எதிரில் வந்தவர்களும் வேறு, குளிர்க்காற்றின் அடர்த்தியும் வேறு. எல்லாவற்றையும் கழித்த பிறகும், நம் ஊரில் கேலிக்கு ஆளான அதே எருமை அங்கே வேறு பிராணியாக இருந்தது உண்மை.

இலகுவான ஹயபுசாவுக்கும் எண்ணெய்ச் சிக்கல் இல்லாமல் இல்லை. வியட்நாமின் தென்மேற்கே பூக்குவோக் தீவிலிருந்து கிளம்பி, படை இறக்க வந்த தங்கள் கப்பல்களுக்கு மேலே காவல் சுற்றிவிட்டு, இருட்டில் கடல் தாண்டித் திரும்ப வேண்டும். வெளி டேங்கி மாட்டிக்கொண்டுதான் வந்தார்கள். டிசம்பர் 7 இரவு மோசமான வானிலையில் அப்படித் திரும்பியவர்களில் சிலர் தளத்தைக் காணவே இல்லை. கருங்கடல் ஓரத்தில் அக்கா மகனுக்கு அன்று சாயங்காலம் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

சொன்ன புத்தியைக் கேட்டு அவன் கோட்டை 40 சதவீதத்துக்கு இறக்கிவிட்டான். பாதி என்று நான் சொன்னது அவனுக்குப் போதவில்லை. எழும்பும்போதே வித்தியாசம் தெரிந்தது. ஓடுபாதையில் பாதிகூடத் தேவைப்படவில்லை. மிக்கோடு இரண்டாவது வட்டத்திலேயே இவன் மூக்கு முன்னால் வந்தது. நாலாவது வட்டத்தில் ஏவுகணையை விட்டான். மிக் புகைந்து மலையில் விழுந்தது. நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்து “அம்மா!” என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினான். அக்கா என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் ஆப்டர்பர்னரை அணைக்க மறந்துவிட்டான். ஹார்னெட்டின் இரண்டு எஞ்சின்களும் தாழ்வான உயரத்தில் முழு ஆப்டர்பர்னரில் நிமிடத்துக்குச் சுமார் 460 கிலோ குடிக்கும். சாதாரண முழு விசையில் குடிப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல். முழு டேங்கியே பத்து நிமிடத்துக்குத்தான் தாங்கும் என்றால் 40 சதவீதம் எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காக்பிட்டில் ஒரு பெண் குரல் “பிங்கோ, பிங்கோ” என்றது. வீட்டுக்குத் திரும்பும் அளவுக்கு மட்டுமே எண்ணெய் இருக்கிறது, இனி ஒரு வட்டம்கூடச் சுற்றாதே என்று அர்த்தம். அந்த அளவைக் கிளம்புவதற்கு முன் விமானிதான் குறித்து வைக்க வேண்டும். இவன் ஏதோ ஓர் எண்ணை வைத்திருந்தான். ஜார்ஜியாவின் கொபுலேத்தி ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் வலது எஞ்சின், பிறகு இடது. விசிறிச் சத்தம் அடங்கிக் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணெயே இல்லாத ஹார்னெட் எவ்வளவு இலகு என்பதை நன்றாகப் பார்த்தோம். அழகாக மிதந்தது, ஓடுபாதைக்கு முன்னால் இருந்த தண்ணீர் வரைக்கும்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறிய மைலோவை ஒரே மடக்கில் குடித்தான்.

“மாமா, அந்த எருமை விமானத்துல கொஞ்சூண்டு எண்ணெய் ஊத்திக்கிட்டுப் போனாங்களே, அவங்க மட்டும் எப்படித் திரும்பி வந்தாங்க?”

சுங்கைப் பட்டாணியையும் அலோர் ஸ்டாரையும் இரண்டொரு நாளில் விட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். பட்டர்வொர்த், ஈப்போ, கோலாலம்பூர் என்று பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் சிங்கப்பூர்த் தளங்களில் போய் நின்றார்கள். எதிரியைத் தேடி நெடுந்தூரம் பறக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. அவன் தினமும் தலைக்கு மேலேயே வந்தான். எழும்பினால் சண்டை, இறங்கினால் வீடு. அதற்கு நிறைய எண்ணெய் தேவையில்லை. அவர்கள் அலோர் ஸ்டாரில் விட்டுவிட்டு வந்த உயர்ரகப் பெட்ரோல் ஆயிரம் பீப்பாய்க்கு மேல். ஜப்பானியர் அதைத் தங்கள் விமானங்களில் ஊற்றிக்கொண்டுதான் தெற்கே பறந்து வந்தார்கள்.